பேர்லின் தோட்டக் காணிகள்: யாருக்கு எவ்வளவு பெறுமதி?

போன பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் எங்கள் தோட்டத் தொகுதியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரியான கடிதம் வந்தது. நவம்பர் 30ஆம் திகதிக்குள் காணியை விட்டு வெளியேற வேண்டும். அந்த இடத்தில் பாடசாலையொன்றும் தொடர்மாடி வீடுகளும் கட்டப்படவுள்ளன. மரங்களையும் கொட்டிலையும் மதிப்பிட ஒருவர் வருவார். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். 'வெளியேற வேண்டும்' என்ற சொல் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்யும்.

அன்று பின்னேரம் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளுக்கு வயது 29. இரண்டு வருடமாக வீடு தேடுகிறாள். இன்னமும் வேறு மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத்தான் இருக்கிறாள்.

"அப்பா, நீங்கள் கோபிக்கக்கூடாது. உங்கட தொகுதியில எண்பது பேர் வெங்காயம் நடுறீங்கள். அதே இடத்தில நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கலாம். அந்தக் கட்டடம் எழும்பினால் நான்தான் முதல் ஆளாய் விண்ணப்பம் போடுவன்" என்றாள்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் பிழை எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. பேர்லினில் பல வருடங்களாக நடக்கும் பெரிய வழக்கு ஒன்று அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது, அவ்வளவுதான். அந்த வழக்கைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். காணி என்ற சொல்லின் பாரம் தெரிந்தவர்கள் நீங்கள்.

தோட்டம் என்றால் என்ன?

யேர்மனியர் இதைக் 'கிளைன்கார்ட்டன்' என்பார்கள். சிறுதோட்டம் என்று சொல்லலாம். இது வீட்டோடு சேர்ந்த வளவு அல்ல. நகரத்தில் தொடர்மாடியில் இருப்பவர்கள், வீட்டிலிருந்து தள்ளி, தொடருந்துப் பாதையோரத்திலோ நகர எல்லையிலோ குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் துண்டுக் காணி. ஐம்பது, நூறு, சில இடங்களில் ஐந்நூறு துண்டுகள் சேர்ந்தது ஒரு தொகுதி. தொகுதியை ஒரு சங்கம் நடத்தும்.

1983 இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. ஒரு துண்டு 400 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. எங்கள் கணக்கில் ஒன்றரைப் பரப்புக்குச் சற்று மேல். என்னுடையது ஏறக்குறைய ஒரு பரப்பு. கொட்டில் 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதில் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. வீடாகப் பயன்படுத்தத் தக்கதாகக் கட்டவும் கூடாது. காணியில் மூன்றில் ஒரு பங்காவது மரக்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்பது 2004 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விதி. குத்தகைப் பணத்துக்கும் எல்லை உண்டு. அந்தப் பகுதியில் வியாபாரத்துக்காகப் பழமும் மரக்கறியும் செய்கிறவர் கட்டும் குத்தகையின் நான்கு மடங்குக்கு மேல் கேட்க முடியாது. சங்கப் பணம், தண்ணீர், காப்புறுதி எல்லாம் சேர்த்து நான் ஒரு வருடத்துக்குக் கட்டுவது, என் மகள் தன் அறைக்கு ஒரு மாதம் கட்டும் வாடகையை விடக் குறைவு. அவள் இதை எனக்கு அடிக்கடி நினைவுபடுத்துவாள்.

பேர்லினில் இப்படி ஏறத்தாழ 70,000 துண்டுகள் இருக்கின்றன. அவை சுமார் 2,900 ஹெக்டேயர், நகரத்தின் நிலப்பரப்பில் மூன்று வீதத்துக்குச் சற்று மேல். பெரும்பகுதி நகர அரசுக்குச் சொந்தமான பொதுக்காணி. நகரத்தின் சனத்தொகையோ 37 இலட்சத்துக்கும் மேல். ஒரு துண்டுக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பல வருடங்கள் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காகக் காத்திருப்பவர்கள் அவர்களை விட எத்தனையோ மடங்கு.

பசியும் போரும் எழுதிய சட்டம்

இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு பாதுகாப்பாகவும் ஒரு நகரம் ஏன் காணியைக் கொடுத்து வைத்திருக்கிறது என்று கேட்டால், கதை பின்னுக்குப் போகிறது.

இந்தத் தோட்டங்களுக்கு 'ஷ்ரேபர்' தோட்டம் என்றும் ஒரு பெயர் உண்டு. லைப்சிக் நகரில் 1865 இல் பிள்ளைகள் விளையாடுவதற்கென ஒரு திடல் திறந்து, அதற்குச் சில வருடங்களுக்கு முன் இறந்துபோன மருத்துவர் ஷ்ரேபரின் பெயரை வைத்தார்கள். பிறகு ஓர் ஆசிரியர் அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்குப் பாத்தி போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் களை பிடுங்க அலுத்துப் போக, பெற்றோர் அதைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். தன் பெயரில் இத்தனை இலட்சம் தோட்டம் வரப்போவது அந்த மருத்துவருக்குத் தெரியவே தெரியாது.

பேர்லின் கதை அவ்வளவு இனிப்பானது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொழிற்சாலை வேலைக்கு வந்த சனம் இருட்டறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தது. கட்டடம் கட்டும் காலம் வரும்வரை சும்மா கிடந்த காணிகளை முதலாளிகள் இடைத்தரகர்களுக்கு மொத்தக் குத்தகைக்கு விட்டார்கள். தரகர்கள் அதைத் துண்டு துண்டாக ஏழைகளுக்கு விட்டார்கள். அந்தத் தொகுதியில் தரகர் வைத்திருக்கும் கடையில்தான் குடிக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் இருந்தன. கட்டடம் எழும்பும் காலம் வந்தால் பயிரோடு வெளியே.

இதை மாற்றியது முதலாம் உலகப்போர். 1916-17 மாரியில் உருளைக்கிழங்கு பொய்த்து, மாட்டுக்குப் போடும் கிழங்கைச் சனம் தின்றது. அந்த மாரியை அவர்கள் இன்றும் கிழங்கின் பெயராலேயே அழைக்கிறார்கள். துண்டுக் காணி வைத்திருந்தவர் ஓரளவு தப்பினார். போர் முடிந்து 1919 இல் வந்த சட்டம்தான் குத்தகைக்கு உச்சவரம்பும், நினைத்தபடி எழுப்ப முடியாது என்ற பாதுகாப்பும் கொடுத்தது. இன்று என் கையில் இருக்கும் உரிமைக்கு வேர் அங்கே இருக்கிறது.

நாசிகள் வந்தபோது சங்கங்களில் இருந்து யூதர்கள் துரத்தப்பட்டார்கள். அதே தோட்டக் கொட்டில்களில்தான் சிலர் உயிர் தப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் மேற்கு யேர்மனித் தொலைக்காட்சியில் பெரும் புகழ்பெற்ற ஹான்ஸ் றோசென்தால், 1943 முதல் போர் முடியும்வரை லிக்ரன்பேர்க் பகுதித் தோட்டத் தொகுதி ஒன்றில் ஒளிந்திருந்தார். மூன்று பெண்கள் தங்கள் பங்கீட்டு உணவைப் பிரித்துக் கொடுத்து அவரைக் காப்பாற்றினார்கள். அந்தக் கொட்டில்களின் நெருக்கத்தைத் தெரிந்தவன் நான். பக்கத்துத் துண்டில் இருமினால் கேட்கும். அங்கே இரண்டு வருடம் ஒருவரை மறைப்பதென்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

1945 இல் நகரம் இடிபாடு. வீடிழந்தவர்கள் தோட்டக் கொட்டில்களுக்குப் போனார்கள். தகரமும் பலகையும் பொறுக்கிச் சுவரை நீட்டிக் குடியிருந்தார்கள். நகரின் நடுவில் இருக்கும் ரியர்கார்ட்டன் பூங்காவின் மரங்களை விறகுக்குத் தறித்து, நிலத்தைப் பங்கிட்டு, உருளைக்கிழங்கும் மரக்கறியும் நட்டார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் புல்வெளி அது. தற்காலிகம் என்று போய்க் குடியிருந்தவர்கள் சிலர் பல பத்து வருடங்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். 1983 சட்டம் நிரந்தரக் குடியிருப்பைத் தடுத்தபோதும், ஏற்கனவே உரிமையோடு குடியிருந்தவர்களைத் தொடர்ந்து இருக்க விட்டது. இந்தச் சலுகையைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நான் எப்படி அங்கே போனேன்

1985 இல் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, தொடருந்தில் மேற்குப் பகுதிக்குள் வந்த தமிழ்ப் பெடியன்களில் நானும் ஒருவன். அந்தப் பாதையால் வந்தவர்கள் எத்தனையோ பேர். அடுத்த வருடம் அந்த வழி அடைக்கப்பட்டது. முகாம், வேலை செய்ய அனுமதியில்லாத காலம், பிறகு உணவகங்களில் கோப்பை கழுவுதல். அந்த வரலாறு உங்களுக்குப் புதிதல்ல.

வேலி மதிலின் பக்கத்தில் ஒரு வயதான துருக்கியர் வெங்காயமும் உள்ளியும் நட்டிருந்ததைக் கண்டது அந்தக் காலத்தில்தான். ஒஸ்மான் கலின் என்பது அவர் பெயர், பின்னாளில் நகரமே அறிந்த மனிதர். கிறொய்ஸ்பேர்க்கில் மதில் கட்டும்போது வளைவைத் தவிர்த்து நேராகக் கட்டியதால், கிழக்குக்குச் சொந்தமான ஒரு முக்கோணத் துண்டு மேற்குப் பக்கம் குப்பைமேடாகக் கிடந்தது. எண்பதுகளில் அவர் அதைத் துப்புரவாக்கிப் பயிர் செய்தார். கிழக்கின் எல்லைக் காவலர்கள் வந்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். மதில் போன பின்பும் தோட்டம் இருந்தது. பழைய பலகைகளால் மரத்தைச் சுற்றி வீடும் கட்டினார். 2018 இல் இறந்தார். உறுதி இல்லை, குத்தகை இல்லை, இருந்தும் ஒரு துண்டு நிலம் ஒரு மனிதனுடையது என்று ஊர் ஒத்துக்கொண்டது.

எனக்கு அந்தத் துணிவு இல்லை. நான் பெயர் பதிந்து காத்திருந்தேன். 2003 இல் ஒரு துண்டு கிடைத்தது. பயற்றங்காய், பூசணி, கண்ணாடிக் கூடாரத்துக்குள் கத்தரியும் பச்சைமிளகாயும், தொட்டியில் கறிவேப்பிலை. மாரிக்கு அந்தத் தொட்டியை வீட்டுக்குத் தூக்கிவர வேண்டும். முருங்கையை மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் தோற்றேன்.

உள்ளேயும் சண்டைகள் இருந்தன. வேலிச்செடியின் உயரம், மத்தியான நேரச் சத்தம், கருவாடு பொரித்த மணம். மூன்றில் ஒரு பங்கு பயிர் என்ற விதியைப் பாதிப் பேர் மறந்து புல்லும் பூவும் வைத்திருந்தார்கள். முழுவதும் பயிர் வைத்திருந்த என்னைப் பார்த்துத்தான் 'இது வயலா?' என்று கேட்டார்கள். வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு இடம் கொடுக்கத் தயங்கும் சங்கங்களும் உண்டு. காரணம் ஒருபோதும் கடிதத்தில் இருக்காது. காத்திருப்போர் பட்டியல் நீளம் என்று மட்டும் இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற ஓர் உதாரணமும் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் கோட்டிங்கன் நகரில் போரால் ஓடிவந்த பொஸ்னியப் பெண்களிடம், இங்கே உங்களுக்கு எது இல்லாமல் இருக்கிறது என்று கேட்டார்கள். தோட்டம் என்று பதில் வந்தது. அதிலிருந்து தொடங்கியவைதான் பல நாட்டவர் சேர்ந்து பயிரிடும் தோட்டங்கள். இன்று யேர்மனி முழுவதும் அப்படிப்பட்டவை உண்டு.

எந்தத் தராசில் நிறுப்பது?

காணியின் பெறுமதி என்பது அதில் என்ன செய்ய அனுமதி இருக்கிறது என்பதே. இதற்கு ஓயின்ஹவுசன் என்ற தொகுதியை விட நல்ல உதாரணம் தெரியாது. மேற்கு பேர்லினில் 1904 இல் தொடங்கிய தொகுதி அது, 302 துண்டுகள். காணி தபால் நிறுவனத்தின் கையில் இருந்து 2008 இல் சுமார் 6 இலட்சம் யூரோவுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் போனது. தோட்டமாக இருந்தால் அந்த விலை. கட்டடம் கட்டலாம் என்றால் கோடிக்கணக்கில். கட்டடத்துக்கு இடம்கொடுக்கும் பழைய திட்டமொன்று இருந்ததால், தோட்டமாகவே வைத்திருக்க நினைத்தால் நட்டஈடு கேட்பார்கள் என்ற பயம் உள்ளூர் நிர்வாகத்துக்கு. 2014 மே 25 இல் அந்தப் பகுதி மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 77 வீதம் பேர் தோட்டம் வேண்டும் என்றார்கள். அந்த வாக்கு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தவில்லை. 2016 இல் பாதித் தொகுதி துப்புரவாக்கப்பட்டது. இப்போது அங்கே தொடர்மாடிகள். மறுபாதி தோட்டமாகத் தப்பியது.

அதே நாளில் முழு நகரமும் இன்னொரு வாக்குப் போட்டது. மூடப்பட்ட ரெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓரங்களில் சுமார் 4,700 வீடுகள் கட்டுவது அரசின் திட்டம். 64 வீதத்துக்கு மேல் 'கட்டவேண்டாம்' என்றார்கள். நானும் அப்படியே வாக்களித்தேன். நாங்கள் சொன்ன காரணம், அந்த வீடுகளில் எத்தனை சாதாரண சனத்தின் வாடகைக்கு எட்டும் என்பதில் நம்பிக்கை இல்லை என்பது. அது பொய்யான காரணம் அல்ல. ஆனால் அந்த வெளி இன்றும் வெளியாகவே இருக்க, வாடகை ஏறிக்கொண்டே போனதும் உண்மை. அன்று பாடசாலைப் பிள்ளையாக இருந்த என் மகள் இப்போது, "அப்பா, நீங்கள் எனக்கும் சேர்த்தெல்லோ வாக்குப் போட்டீங்கள்" என்கிறாள்.

அவளுக்கு நான் சொல்லும் மறுமொழியும் உண்டு. நொய்க்கோல்ன் பகுதியில் நெடுஞ்சாலையை நீட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அழிக்கப்பட்டன. அங்கே யாருக்கும் வீடு வரவில்லை, கார்தான் வந்தது. வீடு வேண்டும் என்ற நியாயத்தைக் காட்டி எடுக்கப்படும் காணி எல்லாம் வீடாகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மாடி வணிக நிலையங்களும் பரந்த வாகனத் தரிப்பிடங்களும் அப்படியே கிடக்க, முதலில் தோட்டத்தில் கை வைப்பது ஏன்? அங்கே இருப்பவர்களை எழுப்புவது மலிவு என்பதால்தான் என்பது என் எண்ணம். கோடை வெப்பத்தில் நகரத்தைக் குளிர்விக்கிறது, மழைநீரை உள்ளே விடுகிறது என்று சூழலியலாளர் சொல்வதும் சரி. ஆனால் அதைக் கணக்கில் எழுத யாரிடமும் நிரல் இல்லை.

அவளுடைய பக்கத்திலும் வலுவான நியாயம் இருக்கிறது. பொதுக்காணியின் வாயில்களுக்குப் பூட்டுப் போட்டு ஒரு தலைமுறை அனுபவிக்கிறது. மாறிப் போகும்போது மதிப்பீட்டுத் தொகைக்கு மேலாக, 'உள்ளே இருக்கும் சாமான்களுக்கு' என்று சிலர் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஏழைகளுக்கென்று வந்த தோட்டம், காசு கொடுக்கக்கூடியவரின் கைக்கு மெல்ல மெல்லப் போகிறது. பாடசாலைகளில் கொள்கலன் வகுப்பறைகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். துண்டுகளைச் சிறிதாக்கி ஒன்றை இரண்டு குடும்பத்துக்குப் பிரிக்கலாம், வழிகளைப் பொதுமக்களுக்குத் திறந்து விடலாம். இதைச் சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது முதலில் எதிர்த்தவர்கள் எங்களைப் போலப் பிந்தி வந்தவர்கள்தான். காத்திருந்து கிடைத்ததைப் பங்கிடக் கடினமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

மதிப்பீட்டாளர்

ஆனி மாதத்தில் மதிப்பீட்டாளர் வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். கொட்டிலின் சுவரைத் தட்டிப் பார்த்தார், வயதைக் கேட்டார், பழமரங்களின் அடியை நாடாவால் அளந்தார். அப்பிள் இரண்டு, செரி ஒன்று, பிளம்ஸ் ஒன்று, திராட்சைக் கொடி. ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு தொகை உண்டு. மூலையில் முன்னையவர் வைத்த ஊசியிலை மரம் விதிக்கு மாறானது. அதை அகற்றும் செலவு கழிக்கப்படும். மண்ணுக்கு ஒன்றும் இல்லை, அது நகரத்தின் மண். இருபது வருடமாக நான் போட்ட எருவும் அதோடு போய்விட்டது.

அவர் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து எங்கள் வீட்டார் எழும்பியபோது நான் இங்கே இருந்தேன். அப்பா அதற்குப் பிறகு எட்டு வருடம் உயிரோடு இருந்தார், வேறொருவர் வளவில். தொலைபேசியில் ஒவ்வொரு தடவையும் மரங்களைச் சொல்லுவார். மா மூன்று, பலா இரண்டு, கிணற்றடித் தேசி, தென்னை பதினொன்று. எட்டுப் பரப்பு. அந்தக் காணி இன்னமும் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது. அதை யாரும் அளக்க வரவில்லை. எந்த அட்டவணையிலும் அந்தத் தேசிக்கு ஒரு தொகை போடப்படவில்லை. எழும்பச் சொன்ன கடிதமும் இல்லை, திகதியும் இல்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இங்கே நான் குத்தகைக்காரன், எனக்குத் திகதி சொன்னார்கள், ஒரு கடைசி அறுவடைக்கு அவகாசம் தந்தார்கள். கட்டடத் திட்டத்தில் நிரந்தரத் தோட்டமாகக் குறிக்கப்பட்ட காணி என்றால் பதில் காணியும் தேடித்தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, இயலாது என்று நிர்வாகம் காட்டினால் தவிர. எங்கள் தொகுதி அப்படிக் குறிக்கப்படவில்லை. ஆனாலும் நகர எல்லையில், பேருந்தில் ஒரு மணித்தியாலம் போனால் வரும் இடத்தில், 150 சதுர மீட்டர்த் துண்டுகள் தரலாம் என்றிருக்கிறார்கள். எண்பது பேரில் முப்பது பேர் வழக்குப் போடப்போவதாகச் சொல்கிறார்கள். என் பக்கத்துத் துண்டு யேர்மனிய அம்மாவுக்கு 84 வயது. அவர் வழக்கும் வேண்டாம், புதுக்காணியும் வேண்டாம் என்றுவிட்டார். நான் அந்த 150 சதுர மீட்டருக்குக் கையெழுத்து வைத்தேன்.

ஐப்பசி கடைசியில் மகள் இரண்டு சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் கூடாரத்தைக் கழற்றினார்கள். திராட்சைக் கொடியில் இருந்து பதியனுக்குத் தடி வெட்டி ஈரத்துணியில் சுற்றினோம். போகும்போது கறிவேப்பிலைத் தொட்டியைத் தன் அறைக்குக் கொண்டுபோகவா என்று கேட்டாள். யன்னல் தெற்குப் பார்த்ததா என்று கேட்டேன். இல்லை, வடக்கு என்றாள். அதனால் இந்த மாரிக்கும் அது என்னிடம்தான் இருக்கிறது.